தொடர்கதைக் கணவனைத் திருத்தக் கோரி

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் நலத்தை அறியும் ஆவல் எனக்கு இப்போது அவ்வளவாக இல்லை. இருந்தாலும் நீங்கள் நலமாகவே இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிடாமல் படிக்கத் தெம்பு வேண்டுமல்லவா?

நான் விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. மளிகைச் சாமான் பொட்டலங்களைப் பிரித்து, அந்தக் காகிதங்களை எழுத்துக் கூட்டிப் படித்து நானாகக் கற்றுக்கொண்டவன். பொட்டலக் காகிதத்தில் கதை எப்போதும் பாதியில் கிழிந்திருக்கும். மீதியை நானே முடித்துக்கொள்வேன். அதனால் அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் அப்படியே ஏற்றுக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதைக் குற்றம் என்று நான் ஒப்புக்கொள்ளப் போவதும் இல்லை.

என் மனைவிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆயிற்று. படிக்கக் கூடாது, குனியக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்கோ உங்கள் தொடர்கதை இல்லாவிட்டால் வாரம் நகராது. சரி, கட்டிக்கொண்டவன் நான் எதற்கு இருக்கிறேன் என்று சத்தமாகப் படித்துக் காட்ட உட்கார்ந்தேன். அவள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். முதல் பக்கத்திலேயே உங்கள் கதாநாயகியின் கணவன் வந்தான். அவள் பால்கனியில் நிற்கிறாள், இவன் சத்தமில்லாமல் பின்னால் வந்து சால்வையைப் போர்த்திவிட்டு, "உன் தோள் குளிர்வது என் விரலுக்குத் தெரிந்தது" என்கிறான். இதை நான் வாசித்ததும் என் மனைவி "ம்ம்..." என்றாள். ஐயா, அது சாதாரண "ம்ம்" இல்லை. அவள் வாயிலிருந்து ஆயிரம் விதமான "ம்ம்" கேட்டவன் நான். இந்த "ம்ம்" எனக்காக ஒருநாளும் வெளியே வந்ததில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு, அதுவும் காகிதத்தில் இருக்கிறவனுக்கு, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நானே வாசித்துக் கொடுத்து!

இந்தக் கதையை எழுதுகிறவர் யாரோ எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் ஒரு கணவனோடு ஒரே கூரையின் கீழ் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவராகத் தெரியவில்லை. அவளுக்குத் தலை வலித்தால் அவளுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நல்லது. அவன் ஒரு பல்பாவது மாற்றியிருக்கிறானா? பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்தியிருக்கிறானா? அந்த வீட்டில் தொட்டி அடைப்பதே இல்லை. உங்கள் இலக்கியத்தில் கணவன் என்றால் இரண்டே ரகம். ஒருவன் சால்வை போர்த்துவான், இன்னொருவன் குடித்துவிட்டு அடிப்பான். நடுவில், முணுமுணுத்துக்கொண்டே கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியேறுகிற எங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. மனைவி என்றாலோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். என் வீட்டுக்காரி இத்தனை வருஷத்தில் ஒரு கம்பியையும் பிடித்ததில்லை. நான் தாமதமாக வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். அவளைப் பற்றியும் உங்களிடம் ஒரு வரி கிடையாது.

எனவே அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சம் திருத்தி வாசித்தேன். மருத்துவக் காரணம்தான். உணர்ச்சிவசப்பட்டால் கண்ணுக்கு ஆகாது. அவன் பூங்கொத்தோடு வந்தான் என்று நீங்கள் போட்டிருந்த இடத்தில், "வெறுங்கையோடு வந்து, செருப்பைக் கழற்றாமல் உள்ளே நடந்தான்" என்று வாசித்தேன். அவள் பாடுவதைக் கண்மூடிக் கேட்டான் என்ற இடத்தில், "கதவைச் சாத்திட்டுப் பாடு, தலை வலிக்குது" என்று சொல்ல வைத்தேன். அப்புறம் எனக்குக் கை பழகிவிட்டது. அவனுக்கு வழுக்கை விழுந்தது, குறட்டை வந்தது, காதும் லேசாகக் கேட்காமல் போயிற்று. என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, "என்னங்க இவன், உங்களைவிட மோசமா இருக்கான்!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதைக் கெடுத்துக்கொள்ள எந்த மனுஷனுக்கு மனம் வரும், சொல்லுங்கள்.

பிசகு நேர்ந்தது என் தொண்டையால். தறி ஓடுகிற இடத்தில் பேசிப் பழகியவனுக்கு மெதுவாகப் பேச வராது. நான் உப்பு கேட்டால் தெருக்கோடியில் இருப்பவர் எடுத்துக்கொண்டு வருவார். எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். அவளும் உங்கள் இதழ்தான் வாங்குகிறாள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. போன வாரம் கதாநாயகிக்குக் கணவன் மேல் சந்தேகம் வருகிறதே, அலுவலகத்தில் கூட வேலை செய்கிற கணக்காளர் பெண்ணோடு எங்கேயோ போய்வருகிறான் என்று? மனைவிக்குத் தெரியாமல் அவள் பெயரில் வீடு பார்க்கத்தான் போனான், துணைக்கு அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் வந்தார்கள் என்று நீங்கள் முடித்திருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வேறா! புருஷனை எடுத்துவிட்டேன். வீட்டையும் எடுத்துவிட்டேன். அவனும் அந்தப் பெண்ணும் மட்டும் போனார்கள் என்று வாசித்தேன். என் மனைவியின் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. டாக்டர் சொன்னதை நினைத்துப் பயந்து, "அழாதே, அழாதே, அவன் திரும்பி வந்துடுவான்" என்று நான் கத்த, அதே நேரம் படியில் திடுதிடுவென்று சத்தம் கேட்டது. கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் உங்கள் இதழோடு தையல்காரம்மா வந்து நின்றாள்.

"ஏண்ணே, அவன் எப்போ அவளோட போனான்? என் புஸ்தகத்துல வீடு பாக்கத்தானே போயிருக்கான்?"

"உன் புஸ்தகம் வேற பதிப்பா இருக்கும்" என்றேன்.

"பதிப்பும் இல்ல, பருப்பும் இல்ல. அக்கா, நீங்க கேளுங்க" என்று நின்றபடியே முழு அத்தியாயத்தையும் வாசித்துவிட்டுத்தான் போனாள். பேச்சோடு பேச்சாக, பூங்கொத்து, பாட்டு என்று நான் பழைய வாரங்களில் மாற்றியதெல்லாம் வெளியே வந்தது. என் மனைவி சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபம். நானும் போட்டிருப்பேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "கண்ணு தெரியாதவளை ஏமாத்தணும்னு தோணிச்சா உங்களுக்கு? இனிமே அவளே படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து மாத்திரைக்குக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை. சுவரைத் தடவிக்கொண்டு தானே போய் எடுக்கிறாள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கிடக்கிற ஸ்டூலை, அவள் காலில் படாமல் இருக்க, நான் அவளுக்குத் தெரியாமல் நகர்த்தி வைக்கிறேன். சாயங்காலமானால் தையல்காரம்மா வந்து, பழைய இதழ்களை முதலிலிருந்து கூடத்தில் வாசிக்கிறாள். நான் சமையலறையில் நின்று, கதவு வழியாக, உங்கள் கணவன் என் வீட்டுக்குள் ராஜா மாதிரி நடமாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே உங்களிடம் என் கோரிக்கை இதுதான். வரும் வாரம் அவன் அந்தக் கணக்காளர் பெண்ணோடு போனது உண்மைதான் என்று கதையில் வெளிவர வேண்டும். வீடு பார்த்தது வெறும் நாடகம் என்று ஒரு வாக்கியம் போதும். அப்போது "நான்தான் முன்கூட்டியே சொன்னேனே" என்று கூடத்துக்குப் போக எனக்கு ஒரு வழி கிடைக்கும். அது முடியாது என்றால் அவன் தலையிலாவது கை வையுங்கள், முடி கொட்டட்டும். இரண்டும் முடியாது என்றால் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வருவேன். என் குரலைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

மற்றபடி நீங்களும், உங்கள் மனைவி மக்களும், அச்சுக் கோப்பவர்களும், தபால் பார்ப்பவர்களும் நோய் நொடியில்லாமல் நெடுநாள் வாழ இந்தப் பெரியவனின் ஆசி. எழுத்தாளருக்கு ஆசி கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தறி மேஸ்திரி,
சந்தாதாரரின் கணவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் இந்த வார இதழ் வந்துவிட்டது. தையல்காரம்மாவுக்குப் பள்ளிச் சீருடை வேலை குவிந்துவிட்டதால் அவள் வரவில்லை. நானே போய் உட்கார்ந்து, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வாசித்தேன். உங்கள் ஆள் நிலாவைப் பற்றி என்னவோ சொன்னான். என் மனைவி கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அது கிடக்கட்டும். உங்க ஆளு என்ன ஆனான்?"

"எந்த ஆளு?"

"அதான், அந்த வழுக்கை. பொண்டாட்டிக்கு ஜுரம்னு மருந்துக்கடைக்குப் போயி, மருந்தை மாத்தி வாங்கிட்டு வந்து, அவ சொன்னதும் அவளையே திட்டிட்டு, கொட்டுற மழையில மறுபடி போனானே. அதுக்கப்புறம் அவனைப் பத்திப் பேச்சே இல்லையே. வீடு வந்து சேர்ந்தானா?"

அவனை நான் மழையில் விட்டுவிட்டு மறந்தே போயிருந்தேன், ஐயா. "வந்துட்டான்" என்றேன். "நனைஞ்சிருப்பானே" என்றாள். "நனைஞ்சுதான் இருந்தான்" என்றேன். "அவ துண்டு எடுத்துக் குடுத்தாளா?" என்றாள். "குடுத்தா" என்றேன். "நல்ல வேளை. வாய்தான் நீளமே ஒழிய மனுஷன் தங்கம்" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை எடுத்துத் தரச் சொல்லி என் பக்கம் கையை நீட்டினாள்.

எனவே மேற்கண்ட கோரிக்கைகள் அனைத்தையும் ரத்து செய்துவிடுங்கள். உங்கள் கணவனுக்கு முடி இருக்கட்டும், அவனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சங்கடம். தங்கம் என்று அவள் சொன்னது அந்த வழுக்கையனைத்தான். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. நாளை சாயங்காலம் அவனுக்குக் கொஞ்சம் இருமல் வரவழைக்கலாம் என்றிருக்கிறேன்.