தார் எழுத்து இல்லாத கடை

சர்க்கார் மதுவிலக்குன்னு சொன்னாலும் சொன்னுச்சு, எங்க பக்கத்துல குடிக்கிறவன் நிம்மதியாக் குடிச்சான், குடிக்காதவன் தூக்கங்கெட்டுப் போனான்.

கீரமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஊரு. பேரு வேணாம். பேரச் சொன்னா நாளைக்கே அங்கிட்டு இன்னொரு ஜீப்பு போவும். அந்த ஊரு சந்தைத் தெருவுல கள்ளச்சாராயம் ஓடுதுன்னு மேலிடத்துக்குத் தகவல் போச்சு. ஒடனே, பொதுமக்கள் நலனை முன்னிட்டு, பொதுமக்கள் வீட்டையெல்லாம் கொடைஞ்சு பாக்கும்படி உத்தரவாச்சு. சப்-இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு எறங்கினாரு.

வீடு வீடாப் பூந்தாங்க. அரிசிப் பானைக்குள்ள லத்திய விட்டுக் கிண்டுனாங்க. மாட்டுக்கு வச்சிருந்த கழனித்தண்ணிய மோந்து பாத்துட்டு ஏட்டு நாகராசு விடாமத் தும்முனாரு. செங்கமலம் வீட்டு ஊறுகாய்ச் சாடியச் சந்தேகத்தின் பேருல தூக்கிட்டுப் போயி, அன்னிக்கு மத்தியானமே சோத்தோட சேத்து விசாரணைய முடிச்சாங்க. சாராயம் மட்டும் கெடைக்கல.

செங்கமலம் வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க, குத்தம் நிரூபணமாகுற வரைக்கும் எல்லாரும் நிரபராதிதான? சட்டமே அப்படித்தான சொல்லுது?"

"சரி. நீ நிரபராதின்னு இதுவரைக்கும் யாராச்சும் நிரூபிச்சிருக்காங்களா?"ன்னாரு எஸ்.ஐ.

"இல்லைங்க."

"அதுக்குத்தான் வந்திருக்கோம். நகரு."

அப்ப மலேரியாக்காரங்க வீட்டுக்கு வீடு மருந்தடிச்சிட்டு, சுவத்துல தேதி போட்டுட்டுப் போற காலம். அதப் பாத்துத்தான் எஸ்.ஐ.க்கு அந்த யோசனை உதிச்சுது. சோதனை முடிஞ்ச வீட்டுச் சுவத்துல எல்லாம் தாரால எழுதச் சொன்னாரு: 'சோதிக்கப்பட்டது. ஒன்றும் இல்லை.'

மொதல்ல தெருவே திட்டுச்சு. வெள்ளையடிச்ச சுவத்துல தார் பூசுனா யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனா நாலு நாள்ல அதுவே நாகரிகமாயிருச்சு. எழுத்தச் சுத்திப் பொம்பளைங்க மஞ்சக் கரை கட்டுனாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க மொதல்ல சுவத்தப் பாத்தாங்க, அப்புறந்தான் பொண்ணப் பாத்தாங்க. அய்யாக்கண்ணு வீட்ல மட்டும் மூணு சோதனை, மூணு எழுத்து. தெருவுல சாராயம் காய்ச்சுற ஒரே ஆளு அவருதான். ஒவ்வொரு சோதனைக்கும் முந்தின நாளே ஏட்டு வந்து நலம் விசாரிச்சிட்டுப் போவாரு. மூணு தடவ நிரபராதியான மனுசன்னு பஞ்சாயத்துல அவருக்குத் தனியா நாற்காலி போட்டாங்க.

எழுத்தே இல்லாதது ஹாஜா முகைதீனோட சர்பத் கடையில மட்டுந்தான். முன்னாடி கடை, பின்னாடி வீடு. சோதனை அன்னிக்கு எஸ்.ஐ. வாசல்லயே நின்னு, "பாய் கடையில என்னத்த இருக்கப் போவுது"ன்னு சொல்லி, ஒரு நன்னாரி சர்பத்த ஓசியில குடிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு.

அந்த மரியாதைதான் வெனையாப் போச்சு.

செங்கமலம் பிள்ளைகளக் கடைக்கு அனுப்புறத நிறுத்திட்டா. பதிலுக்கு வேற தினுசு ஆளுங்க வந்தாங்க. ஒருத்தன் கண்ணடிச்சான்.

"பாய், அந்த இன்னொரு சர்பத்து..."

"எந்த இன்னொரு சர்பத்து? இருக்கறது நன்னாரிதான்யா!"

"புரியுது, புரியுது. அதையே குடுங்க."

நன்னாரியக் குடிச்சிட்டு அவன் தள்ளாடிக்கிட்டே போனான். அதத் தெருவே பாத்துச்சு.

அய்யாக்கண்ணு வந்து ஆறுதல் சொன்னாரு. "தப்பா நெனைக்காதீங்க பாய். நா ஒங்கள நம்புறேன். ஆனா ஒங்க சுவத்துல எழுத்து இல்லையே. நாலு பேரு கேட்டா நா என்னத்தச் சொல்றது?"

உள்ளேருந்து சம்சாரம் சாரா உம்மாள் சத்தம் போட்டா. "இப்படியே போனா கடையச் சாத்திட்டு எங்க அத்தா வீட்லதான் போயி ஒக்காரணும். போயி அந்தப் போலீஸக் கூட்டிட்டு வாங்க!"

ஹாஜா ஸ்டேஷனுக்குப் போனாரு. ஸ்டேஷனும் அதே தெருவுலதான். மூலையில, அரிமளம் பஸ்ஸுல புடிச்ச சாராய டின்னுங்க கோர்ட்டுக்குப் போறதுக்காக அடுக்கியிருந்துச்சு. ஹாஜா அதத் தொடாம ஒதுங்கி நின்னாரு.

"அய்யா, என் கடையையும் ஒரு தடவ சோதனை போட்ருங்க."

"ஒங்க மேல சந்தேகமே இல்லையே பாய்."

"தெருவே சந்தேகப்படுதுங்க."

"தெரு படலாம். சர்க்கார் படணும்ல? அதுக்கு ஆதாரம் வேணும்."

"ஆதாரம் இருந்தா எதுக்குங்க சோதனை? நேரா உள்ள தள்ளிரலாமே?"

எஸ்.ஐ. நிமிந்து பாத்தாரு. "இம்புட்டு வெவரமாப் பேசுறது எனக்கு லேசா சந்தேகமா இருக்கு."

ஹாஜா மொகம் மலர்ந்துச்சு. "அப்ப வாரீங்களா?"

"ஆசையாக் கூப்புட்டீங்க பாருங்க, போயிருச்சு சந்தேகம். குத்தவாளி கூப்புடுவானா?"

"அப்ப வராதீங்க! என் கடைக்குள்ள ஒரு பய கால் வைக்கப்படாது!"

"பாத்தீங்களா, கோவம் வருது. யோக்கியனுக்குத்தான் இப்படிக் கோவம் வரும். போயிட்டு வாங்க."

இப்படியாக ஹாஜா முகைதீன், சட்டப்படி பரிசுத்தமான மனுசனா, கெட்ட பேரோட வீடு திரும்புனாரு.

அந்த மாசக் கடைசியில, ஒன்றுமில்லாத தெருவ நேருல பாத்துப் பாராட்ட திருச்சியிலேருந்து டி.எஸ்.பி. ஜீப்புல வந்தாரு. சுவரு சுவரா வாசிச்சுக்கிட்டே நடந்தவரு சர்பத் கடை வாசல்ல நின்னுட்டாரு.

"இங்க ஏன் எழுத்தக் காணோம்?"

"நல்ல மனுசரு சார்"ன்னாரு எஸ்.ஐ.

"அத நீர் சொன்னா ஆச்சா? சுவரு சொல்லணும்யா. உள்ள போ!"

ஹாஜாவுக்குப் பெருநாள் வந்த மாதிரி இருந்துச்சு. ஓடி ஓடிப் பாட்டிலத் தெறந்து காட்டுனாரு. "அங்கிட்டு மரப்பொட்டியையும் பாத்துருங்கய்யா." உள்ளேருந்து சாரா, "அடுப்படியில ஒரு சட்டிய விட்டுட்டாங்க, கூப்புடுங்க!"ன்னு கத்துனா. ஒண்ணும் கெடைக்கல. ஏட்டு நாகராசு தார்ல முக்கி எழுதுனாரு. தெருவே கைதட்டுச்சு. செங்கமலம் அங்கயே பிள்ளைகளுக்குச் சர்பத் சொன்னா.

டி.எஸ்.பி. அடுத்த கட்டடத்துக்கு வந்தாரு. "இங்க ஏன் இல்ல?"

எஸ்.ஐ. சிரிச்சாரு. "சார், இது நம்ம ஸ்டேஷன்."

"அதான் ஏன் இல்லன்னு கேக்குறேன்."

உள்ள போனாரு. டின்னுங்க இருந்துச்சு.

"அது சாட்சிப் பொருள் சார்!"

"புடிபடுறவன் எல்லாம் அதுக்கு ஒரு பேரு வச்சிருப்பான். கூப்புடுய்யா, தெருவுல யோக்கியரா ரெண்டு பேர."

மூணு எழுத்துக்காரரு அய்யாக்கண்ணு வந்தாரு. ஈரத் தாரோட ஹாஜா வந்தாரு. எஸ்.ஐ. ஹாஜா கையப் புடிச்சுக்கிட்டாரு.

"பாய், அன்னிக்கு நீங்களே பாத்தீங்கள்ல? அரிமளம் பஸ்ஸுல புடிச்சதுன்னு சொல்லுங்க பாய். நிரூபணமாகுற வரைக்கும் நா நிரபராதிதான?"

ஹாஜாவுக்கு உண்மை தெரியும். வாயத் தெறந்தாரு. வாசல்ல மொத்தத் தெருவும் நின்னுச்சு. சாராய டின்னப் பத்தி பாய்க்கு எப்படித் தெரியும்னு யாராச்சும் கேட்டுட்டா? சுவத்துல தார் இன்னும் காயக்கூட இல்ல.

"நா ஒங்கள நம்புறேங்க"ன்னாரு ஹாஜா. "ஆனா ஒங்க சுவத்துல எழுத்து இல்லையே. நாலு பேரு கேட்டா நா என்னத்தச் சொல்றது?"

எஸ்.ஐ.ய ஜீப்புல ஏத்துனாங்க. "காலம் கெட்டுப் போச்சு பாய்"னு அய்யாக்கண்ணு மனசார வருத்தப்பட்டாரு. டி.எஸ்.பி. தெருவப் பாத்துக் கும்புடு போட்டுட்டு வண்டியில ஒரு கால வச்சாரு.

"ஏங்க"ன்னா செங்கமலம். "ஜீப்புல எங்கயும் எழுத்தக் காணோமே?"

தெரு மொத்தமும் திரும்புச்சு. ஜீப்ப ஒரு சுத்து சுத்திப் பாத்துச்சு. ஏட்டு நாகராசு தார் டப்பாவத் தூக்கிக்கிட்டு ரெண்டு எட்டு முன்னாடி வந்தாரு.

"எடுறா வண்டிய!"ன்னாரு டி.எஸ்.பி.

புழுதி பறக்க ஜீப்பு போன தெசையப் பாத்து ஹாஜா முகைதீன் தலைய ஆட்டுனாரு.

"யோக்கியன்னா எதுக்குங்க இம்புட்டு அவசரமாப் போறாரு?"