வாத்துக் கழுத்து ரோட்டார்

ஒரு காட்டில் ரேஷன் கடை கிடையாது, ஆனால் அமெச்சூர் வானொலிச் சங்கம் உண்டு.

அந்தக் காட்டுக் குளத்தில் மருதாயி என்றொரு வாத்து சிறகொடிந்து தனியாகத் தங்கிவிட்டது. அது செத்துப்போய்விட்டதென்று நினைத்து, கூட்டமும் புருஷன் கொம்பையாவும் இமயத்துக்கு அந்தப் பக்கம் பறந்து போய்விட்டன. பங்குனி முடிவதற்குள் சேதி வராவிட்டால் வேறு துணை தேடிக்கொள்வது வாத்துகளின் வழக்கம். பங்குனியில் இன்னும் ஆறு நாள்தான் பாக்கி.

கொம்பையா ஒரு வானொலிப் பைத்தியம். தினமும் காலையில் தலைக்கு மேல் போகும் ஒரு குட்டிச் செயற்கைக்கோள் வழியாக ஊர் உலகத்தோடு பேசும். கோள் வானத்தில் இருப்பது பன்னிரண்டு நிமிடம். அது ஓடுகிற பக்கமெல்லாம் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ரோட்டார் என்று ஒரு மோட்டாரும், அதை ஆட்டிவைக்க ஒரு கன்ட்ரோல் பெட்டியும் தேவை. மருதாயி சங்கத்துக்குப் போய், "கட்டுப்படியாகுற விலையில எது நல்லது?" என்று கேட்டது.

"வெளிநாட்டு ரோட்டார்தாம்மா. வாங்கிட்டா நிம்மதி" என்றது சங்கத் தலைவர் யானை. விலையைக் கேட்டதும் மருதாயிக்கு நல்ல சிறகும் ஒடிந்த மாதிரி இருந்தது.

"எதுக்கு வாங்கணும்? நானே செஞ்சு தாரேன்க்கா" என்றது குரங்கு. "கார் வைப்பர் மோட்டார் ரெண்டு, ஒரு சின்ன போர்டு, நெட்ல ஓசி புரோகிராம். ஒரே நாள் வேலை."

"எந்த நாள்?"

"அதான் இன்னும் முடிவாகல."

குரங்கின் மரத்தில் ஏற்கெனவே ஆறு ரோட்டார்கள் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இந்த விவாதத்திலேயே மூன்று நாள் போயிற்று.

நாலாம் நாள் ஆந்தை தன் தலையில் சங்கத்து ஆன்டெனாவைக் கட்டச் சொன்னது. கழுத்து அழகாகத்தான் திரும்பியது. கோள் வடக்கே வந்தபோது கழுத்து முட்டி, அதற்கு மேல் திரும்ப மறுத்துவிட்டது. ஆந்தை மறுபக்கமாகச் சுற்றி வருவதற்குள் கோள் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

மருதாயிக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆன்டெனாவைப் பிடுங்கித் தன் அலகிலேயே கவ்விக்கொண்டது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நீளக் கழுத்து. இடவலம் திரும்பும், மேலும் கீழும் வளையும், செலவே இல்லை. பேசத்தான் வாய் இல்லை. மைக்கைத் தொட உரிமமும் இல்லை. உரிமம் வைத்திருந்த தவளை உதவிக்கு வந்தது. பதினைந்து வருடமாக உரிமம் வைத்திருந்தும் அதனிடம் யாரும் பேசியதில்லை.

"அண்ணாச்சி, அவுககிட்ட நாலே வார்த்தை சொல்லுங்க. மருதாயி உயிரோட இருக்கா, காத்திருங்க. அது போதும்."

"அவ்வளவுதானே? கவலைய விடும்மா."

மறுநாள் காலை கோள் எழுந்தது. மருதாயி கழுத்தை மெல்லத் திருப்ப, கொம்பையாவின் குரல் கணீரென்று வந்தது. மருதாயி அலகை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"சிக்னல் பிரமாதமா இருக்கே! என்ன ரோட்டார் ஓடுது அங்க?" என்று கேட்டது கொம்பையா.

பதினைந்து வருடமாகத் தவளை எதிர்பார்த்திருந்த கேள்வி இது. "வாத்துக் கழுத்து, அண்ணாச்சி!"

"கழுத்தா? மேல எவ்வளவு தூரம் போகும்?"

"நேரா உச்சி வரைக்கும். வடக்குல முட்டாது. கரண்டே வேண்டாம்."

"சத்தம் போடுமா?"

"மூச்! வாயிலதான் ஆன்டெனா இருக்கே."

மருதாயி தவளையை உதைத்தது. உதைக்க உதைக்கத் தவளைக்கு உற்சாகம் கூடியது. பன்னிரண்டு நிமிடமும் கழுத்துப் பேச்சிலேயே முடிந்தது.

"நாளைக்குச் சொல்லிடறேன்மா. முதல்ல அறிமுகம் ஆக வேண்டாமா?" என்றது தவளை.

மறுநாள் பங்குனியின் கடைசி நாள். கொம்பையாவே முந்திக்கொண்டு கூப்பிட்டது.

"உங்க யோசனை அபாரம், அண்ணாச்சி! இங்கயும் ஒரு கழுத்து ஏற்பாடு பண்ணிட்டேன். நல்ல நீளம். சொன்ன பக்கமெல்லாம் திரும்புறா, வாயே திறக்கிறதில்ல. போனவளும் நல்லவதான். ஆனா இந்தக் கழுத்தை அவகிட்ட நான் கவனிக்கவே இல்ல. நாளைக்குக் கல்யாணம்."

"நான் உயிரோட இருக்கேன்!" என்று மருதாயி அலறியது.

காடு முழுக்கக் கேட்டது. ஆன்டெனா சேற்றில் விழுந்துவிட்டதால் கொம்பையாவுக்கு மட்டும் கேட்கவில்லை.

"ஏம்மா, நல்லாப் பேசிட்டிருக்கும்போது கன்ட்ரோலை விடுறியே!" என்று தவளை கோபித்துக்கொண்டது.

"அப்பவே சொன்னேன், மலிவானதுன்னா இப்படித்தான்னு" என்றது யானை.

நீதி: ரோட்டார் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவும்.