மைனஸ் பன்னிரண்டு மணி நேரம்

கணக்கு வாத்தியார் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பத்தைத் தொடுவதில்லை. முடிவுக்கு வருவது சுலபம். அதை வீட்டம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டம். பதினெட்டு வருஷமாக இதே முடிவுக்கு வந்து வந்து, சொல்லாமலே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டம்மா பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி டயர் பஞ்சராகித் தாமதம், எந்த வண்டி டீக்கடையில் நின்று தாமதம் என்பதை டிரைவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் இடுப்புவலி, தலைவலி, மூச்சுப்பிடிப்பு எதுவும் செல்லுபடியாகவில்லை. அதனால் வாத்தியார் தமக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தைக் கையில் எடுத்தார்.

"நான் கூடமாட நின்னா வேலை சீக்கிரம் முடியுதுன்னு நீ நினைக்கிறே. உண்மையில இழுக்குது. கணக்குப் போட்டா தெரிஞ்சிடும்."

"போடுங்க."

"நிரூபிச்சிட்டா?"

"நிரூபிச்சிட்டா ஆயுசுக்கும் நீங்க துடைப்பத்தைத் தொட வேண்டாம்."

"பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்பங்க மாறியிருக்கேன்?"

அதுவும் உண்மைதான். அதுதான் வாத்தியாரின் பிரச்சினையே.

ஒரு ஞாயிறு வீட்டம்மா தனியாக வீட்டைச் சுத்தம் செய்தார். மூன்று மணி நேரம். அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். அன்று வாத்தியார் பட்ட பாட்டை வேறு எதற்காவது பட்டிருந்தால் இந்நேரம் தலைமையாசிரியர் ஆகியிருப்பார். துடைத்த தரையில் நடந்து போய் வாளியைக் கொண்டுவந்தார். கொண்டுவந்த வாளியைக் கவிழ்த்தார். அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உருவி, ஆறு வருஷத்துக்கு முந்தைய கிரிக்கெட் இறுதி ஆட்டச் செய்தியை வரி விடாமல் படித்தார். மின்விசிறியை அவர் துடைத்த அழகில், தூசி மொத்தமும் துவைத்து மடித்த துணிமேல் இறங்கியது. நான்கு மணி நேரம் ஆயிற்று.

வீட்டம்மா டெப்போ நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். வாத்தியார் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

அந்த மாதம் பள்ளிகளுக்கிடையே குழுக் கணிதப் போட்டி. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள். குழுவுக்கு நான்கு பேர், மொத்தம் பன்னிரண்டு குழு. நடத்துவது, வினாத்தாள் போடுவது, மதிப்பெண் போடுவது எல்லாமே வாத்தியார். கடைசிக் கேள்வியாக அவர் எழுதியது இது: 'ஒரு வீட்டை மனைவி தனியாக 3 மணி நேரத்தில் சுத்தம் செய்வார். கணவரும் சேர்ந்தால் 4 மணி நேரம் ஆகும். கணவர் தனியாகச் செய்தால் எவ்வளவு நேரம் ஆகும்?'

"நான் சொன்னா நம்ப மாட்டே. நாற்பத்தெட்டு பிள்ளைங்க வாயால கேளு. அங்கேயும் நீதான் டைம் கீப்பர். விசிலை எடுத்துக்கிட்டு வந்துடு."

வீட்டம்மா கேள்வியை இரண்டு தடவை படித்தார். "வெறும் விடை மட்டும் போதுமா? 'இதிலிருந்து அந்தக் கணவரைப் பற்றி என்ன தெரிகிறது?'ன்னு ஒண்ணு சேருங்களேன். எந்தக் குழு சரியா சொல்லுதோ, அதுக்கு மட்டும் அஞ்சு மார்க். பிள்ளைங்க கொஞ்சம் யோசிக்கட்டும்."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. உடனே அதை (ஆ) பிரிவாகச் சேர்த்துவிட்டார்.

சனிக்கிழமை பள்ளி அரங்கம் பிள்ளைகளும் பெற்றோருமாக நிறைந்திருந்தது. கடைசிக் கேள்விக்குப் பத்து நிமிஷம். வீட்டம்மா விசில் ஊதியதும் குழுத் தலைவர்கள் ஒவ்வொருவராக மைக்கின் முன் வந்தார்கள்.

"விடை மைனஸ் பன்னிரண்டு மணி நேரம் சார். தொட்டியில ஓட்டை இருக்கிற கணக்கு மாதிரி. அந்தக் கணவர்தான் ஓட்டை."

அரங்கமே சிரித்தது. அடுத்த குழுவும் ஓட்டை என்றது. அதற்கடுத்த குழு, "அவரைச் சும்மா உட்காரவெச்சாலே வீட்டுக்கு லாபம் சார்" என்றது. வாத்தியார் அந்தப் பையனைக் கட்டிப்பிடிக்காத குறைதான். பதினொரு குழுக்கள் வரிசையாக வந்து ஓட்டை, ஓட்டை என்று சொல்லிவிட்டுப் போயின. ஓட்டை என்று பேர் வாங்கி ஒரு மனிதர் இவ்வளவு பூரித்துப் போனதை யாரும் பார்த்திருக்க முடியாது. நேரக் குறிப்பு மேசைப் பக்கம் திரும்பி, எப்படி என்று புருவத்தை உயர்த்தினார். வீட்டம்மா விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவதாக மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பொடிப்பெண் வந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"விடை மைனஸ் பன்னிரண்டு. ஆனா அவர் ஓட்டை இல்ல சார்."

"என்னம்மா சொல்றே?"

"தொட்டிக்கு ஓட்டை இருக்கும். மனுஷன் வேலை செஞ்சா கொஞ்சமாவது நடக்கணும் இல்லையா சார்? கணக்கு சரி. அளந்ததுலதான் கோளாறு. அந்த ஆள் வேணும்னே இழுத்தடிச்சிருக்கார்."

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. தாய்மார்கள் இருந்த பக்கத்திலிருந்து கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

நேரக் குறிப்பு மேசையிலிருந்து ஒரு குரல். "அப்போ அவரோட உண்மையான வேகம் தெரியணும்னா என்னம்மா செய்யணும்?"

"அவரைத் தனியா செய்யவிட்டு அளக்கணும் மேடம். பக்கத்துல உதவிக்கு யாருமே இருக்கக் கூடாது."

வாத்தியார் பேனாவைத் திறந்தார். மூடினார். அந்தக் குழு முதலிடத்துக்கு நான்கு மதிப்பெண் பின்னால் இருந்தது. ஐந்து போட்டால் கோப்பை அவர்களுக்கு, துடைப்பம் இவருக்கு. போடாமல் விட்டால் கேட்க ஆளில்லை, எல்லா அதிகாரமும் அவரிடமே. அந்தப் பெண்ணோ கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியாரிடம் ஆயிரம் குறை இருக்கலாம். சரியான விடைக்கு மார்க்கைக் குறைத்த பாவத்தை மட்டும் அவர் செய்ததில்லை. ஐந்து போட்டார். நான்கு பிள்ளைகளும் குதித்த குதியைப் பார்த்தபோது அவருக்கும் மனம் நிறைந்துதான் போயிற்று, அந்த ஒரு கணம்.

வீட்டுக்கு நடக்கும்போது வீட்டம்மா பேச்சை எடுத்தார்.

"நாளைக்குக் காலைல நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். பக்கத்துல யாரும் இருக்கக் கூடாதாம்ல."

"நீ அந்த (ஆ) பிரிவைச் சேர்க்கச் சொன்னது இதுக்குத்தானா?"

"நானா மார்க் போட்டேன்? நீங்கதானே போட்டீங்க."

வாத்தியார் மனதுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டார். ஒரே ஒரு ஞாயிறு. பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டால் அதோடு தொல்லை விட்டது.

"சரி, ஒரு நாள்தானே. அளந்துட்டுப் போ."

"ஒரு நாளா?" என்றார் வீட்டம்மா. "டெப்போவுல புது டிரைவருக்கு ஓட்ட நேரம் போடணும்னா, ஐம்பது டிரிப் ஓடவிட்டுத்தாங்க சராசரி எடுப்போம். நாளைக்கு உங்களுக்கு முதல் டிரிப்."