என்ன குழம்பென்று சொன்னால்தான் தண்ணீர்

தன் சரக்கை யாரும் வாங்கிவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்கிற மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அவரும் மரக்காணத்தில், எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். மொபெட்டில் குடிதண்ணீர் கேன் போடுகிறவர். அவருக்கும் பெயர் என்று ஏதாவது இருக்கத்தான் வேண்டும். எங்கள் தெருவுக்கு அவர் கேன் அக்கா.

உப்பளத்து ஊர். எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். சோப்பு நுரைக்காது, தலைமுடி படியாது. உப்பு லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் எனக்கு வேலை கிடைத்து, மஞ்சுவும் நானும் தனிக்குடித்தனம் வந்த அன்றைக்கே கேன் அக்காவுக்குச் சொல்லியனுப்பினோம். தோளில் கேனோடு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னைக்கு இன்னா கொழம்பு?"

"மீன் கொழம்புக்கா" என்றாள் மஞ்சு.

"மீனுக்கு எதுக்கும்மா என் தண்ணி? பொறந்ததுல இருந்து உப்புத் தண்ணியிலயே கெடந்தது. திடீர்னு நல்ல தண்ணி ஊத்துனா அதுக்கு ஒத்துக்காது."

"குடிக்கிறதுக்குக்கா!"

"குடிக்கத்தானே? சொம்ப எடு."

ஒரு சொம்பு ஊற்றிவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். மஞ்சு சொம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்புறம்தான் தெருச் சட்டம் எங்களுக்குத் தெரிந்தது. பருப்பு, பயறு வேகவைக்கிற வீட்டுக்கு முழுக் கேன். காராமணி என்றால் கேனை அவரே அடுப்படி வரைக்கும் கொண்டுவந்து வைத்து, எப்படி வறுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். ரசம், கீரை, முட்டை எல்லாம் அவர் பார்வையில் தண்ணீருக்கு வந்த கேடு. கடவுள் தண்ணீரைப் படைத்ததே காராமணி வேகத்தான் என்பது அவருடைய கட்சி.

நாங்களும் பொய் சொல்லப் பழகினோம். என்ன குழம்பு என்று கேட்டால் ஊரே ஒரே குரலில் "காராமணி" என்று சொல்லும். கேன் அக்கா லேசுப்பட்டவரா என்ன? பத்து மணிக்குக் கேன் போட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வருவார். நேரே அடுப்படிக்குப் போய், மூடியைத் திறந்து, ஒரு காராமணியை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கிண்ணத்தில் காராமணி ஊறிக்கொண்டே இருக்கும். ரேஷன் கார்டு மாதிரி அது. யாரும் சமைக்காமல் விட்டு அது முளைகட்டிப் போய், வேறு வழியில்லாமல் அதையே சுண்டல் செய்து சாப்பிட்டோம். எங்கள் தெருக்காரர்களுக்கு உடம்பு நல்ல தேக்காக இருப்பதற்குக் காரணம் இந்தப் பயம்தான்.

ஒருநாள் கேன் தண்ணீரில் நான் முகச் சவரம் செய்துகொண்டிருந்தபோது கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அரை முகத்தில் நுரை. ஜன்னலுக்கு வெளியே கேன் அக்கா.

"ஏன் தம்பி, அந்தத் தாடி இன்னா வேகணுமா?"

ஒரு வாரம் எங்களுக்குக் கேன் கிடையாது. என் முதலாளிகூட எனக்கு அப்படி ஒரு தண்டனை கொடுத்ததில்லை.

இந்தக் காராமணிப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று மஞ்சுதான் மெல்ல மெல்லக் கறந்தாள். கேன் அக்காவுக்கு ஒரே ஒரு அக்கா. பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கேன் அக்கா கல்யாணமாகி மரக்காணம் வந்த புதிதில், அந்த அக்காவும் அவர் வீட்டுக்காரரும் விருந்துக்கு வந்தார்கள். காராமணியும் கத்திரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு வைத்தார் புதுப்பெண். வைத்தது போர் தண்ணீரில். காராமணி வேகவே இல்லை. மாமா ஆசையாக வாய் நிறையப் போட்டுக் கடித்தார். முன்பல் போய்விட்டது. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவர்கள்தான். நல்லது கெட்டது எதற்கும் இந்த வாசல் மிதிக்கவில்லை.

"அந்தப் பாழாப்போன தண்ணியாலதான் எங்க அக்காவ எழந்தேன். வேற எந்த ஊட்லயும் காராமணி வேகாம போகக் கூடாதுன்னுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்றாராம். சொல்லும்போது கேன் அக்கா அழுததைப் பார்த்து மஞ்சுவும் அழுதுவிட்டு வந்தாள். எனக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது.

அப்படி இருக்கையில்தான் அந்தப் போன் வந்தது. அக்கா மகளுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்க வருகிறார்கள். ஆனால் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "பத்திரிகை வெச்சிட்டுக் கெளம்பிடுவோம். சாப்பாடெல்லாம் வேணாம்."

கேன் அக்கா பேயறைந்தவர் போல எங்கள் வீட்டுக்கு வந்தார். "சாப்புட்டாங்கன்னா ஒறவு. சாப்புடாம போனாங்கன்னா இனிமே ஜென்மத்துக்கும் இல்ல. மஞ்சு, உன் பெரிய குக்கரக் குடு."

குக்கர் போன இடத்துக்கு மஞ்சுவும் போவாள். மஞ்சு போன இடத்துக்குச் சாப்பாட்டு வாசனை பிடித்து நானும் போனேன்.

கேன் அக்கா பரண் மேலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினார். வேப்பிலைச் சருகுக்கு நடுவே, செம்மண் பூசிக் காயவைத்த காராமணி. ஒவ்வொன்றும் மணிமணியாக இருந்தது. கழுவினார், வறுத்தார். இருப்பதிலேயே நல்ல கேனைத் தேர்ந்தெடுத்து மூடியை உடைத்து ஊற்றினார். அக்காவை அழைத்துவரத் தன் வீட்டுக்காரரை பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டினார். குக்கர் விசிலடித்தது. திறந்து ஒன்றை நசுக்கினார். அசைந்துகொடுக்கவில்லை.

மறுபடி மூடினார். மறுபடி விசில். காராமணி கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. தண்ணீரை மாற்றி அடுத்த கேனை உடைத்தார். "கடல் காத்துல உப்பு இருக்குது, ஜன்னல சாத்து தம்பி!" என்று கத்தினார். சாத்தினேன். நாங்கள் மூவரும் வெந்தோம், காராமணி வேகவில்லை. "நான் உனக்கு இன்னா கொற வெச்சேன்?" என்று குக்கரைப் பார்த்து அழாத குறையாகக் கேட்டார். வேறு வழியில்லாமல் புளியைக் கரைத்து ஊற்றி, கத்திரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பைக் கூட்டிவிட்டார்.

வீட்டுக்காரர் அவர்களைக் கூட்டிவந்த ஆட்டோ வாசலில் நின்றது.

அக்கா நல்ல உயரம். மாமாவுக்குப் பெரிய மீசை. இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் சாத்தின வீட்டுக்குள் கருவாட்டுக் குழம்பு வாசனை சும்மா இருக்குமா? மாமாவின் மீசை இரண்டு தடவை துடித்தது. "வந்ததுக்கு ஒரு வாய் சாப்டுட்டுதான் போவமே" என்று அவரே சொல்லிவிட்டார். கேன் அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இலை போட்டுச் சோறு வைத்து, குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். "வேணாம் மாமா. சாப்புடாதீங்க. இன்னைக்கும் வேகல. நல்ல தண்ணிதான் ஊத்துனேன், சத்தியமா."

அக்கா எழுந்து போய்ச் சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"இது எப்ப வாங்குனது பாப்பா?"

"வாங்குனது இல்ல. இடையஞ்சாவடியில நம்ம அப்பா நெலத்துல வெளஞ்சது. நீங்க கோச்சிக்கிட்டுப் போன வருஷம். நீ வர்ற அன்னைக்கு ஆக்கணும்னு எடுத்து வெச்சேன்."

"அடிப் பைத்தியமே! இத்தினி வருஷம் வெச்ச காராமணி எந்தத் தண்ணியில வேகும்?" என்றார் அக்கா. மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: "அது இருக்கட்டும். பல்லு ஒடஞ்சதுக்கா நாங்க கோச்சிக்கிட்டோம்னு நெனச்ச? பல்லு போனா போவுது. நீ சிரிச்சடி! மனுஷன் வாயப் பொத்திக்கினு நிக்கிறாரு, நீ வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிற. நாங்க பஸ் ஏறுற வரைக்கும் சிரிச்ச!"

கேன் அக்கா வாயைப் பிளந்தார். இத்தனை வருஷமாக ஊரையே காராமணி ஊறவைக்கச் செய்தவருக்கு இது தோன்றவே இல்லை.

இந்த அக்கா தங்கை விவகாரம் முடியும்வரை காத்திருக்க மாமாவுக்குப் பொறுமை இல்லை. அவரே குழம்பை ஊற்றிப் பிசைந்து, வாய் நிறையப் போட்டுக் கடித்தார். கடக்கென்று ஒரு சத்தம். அவருடைய பல் செட்டு கழன்று இலையில் விழுந்து, ஒரு கத்திரிக்காய்த் துண்டின் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

எல்லோரும் கேன் அக்காவையே பார்த்தோம். அவர் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். முகம் சிவந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உடம்பு குலுங்கிய குலுங்கலில் சாய்ந்து நின்ற கேன்கள் தடதடத்தன. சிரித்தால் உறவு போய்விடும். மஞ்சு என் கையைக் கிள்ளிய கிள்ளலில் ரத்தம் கட்டிவிட்டது.

"ஃபுஸ்" என்று முதலில் வெடித்தது அக்காதான். அவ்வளவுதான். அக்காவும் தங்கையும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்த சிரிப்பு, உப்பளம் வரை கேட்டிருக்கும்.

"ஃபிரிங்க, நல்லா ஃபிரிங்க" என்றார் பொக்கை வாயோடு மாமா. "பல்லக் கழுவிக் குடுத்துட்டு ஃபிரிங்க." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். கேன் அக்கா ஒரு புதுக் கேனை உடைத்து, முழுசாகக் கவிழ்த்து, மாமாவின் பல் செட்டைக் கழுவிக் கொடுத்தார். பயறு பருப்பு சம்பந்தமில்லாத ஒரு காரியத்துக்கு அவர் கேன் உடைத்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு காராமணியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றி, எல்லோரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துவிட வேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டுப் போனார். கேன் அக்கா புறப்படும்போது கேன் வைத்திருக்கும் ஷெட்டின் சாவியை மஞ்சுவிடம் கொடுத்து, "யார் கேட்டாலும் குடுத்துடு, ஒண்ணும் கேக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவே ஆடிப்போயிற்று. முதல் இரண்டு நாள் அவரவர் ஆசைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒரு சுரத்தும் இல்லை. அடுப்படிக்குள் புகுந்து மூடியைத் திறந்து திட்ட ஆளில்லாமல், மஞ்சு வைத்த குழம்பு அவளுக்கே ருசிக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் வீடு வெறிச்சென்றுதான் இருந்தது.

பத்தாம் நாள் காலை, தெருமுனையில் கேன் அக்கா பையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். மஞ்சு வீட்டுக்கு ஒரே பெண். கூடப் பிறந்தவர்கள் என்று யாரும் கிடையாது. அன்றைக்கு அவள் கரண்டியும் கையுமாகத் தெருமுனைக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்த யாரும் அதை நம்பியிருக்கமாட்டார்கள்.