நனைக்காமல் தைத்த சீட் கவர்

வைகாசி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு எங்கள் பழைய காரைத் துடைத்தேன். ஆறு மணிக்குக் காபி. இதெல்லாம் என் டைரியில் இருக்கிறது. பதினொரு மணிக்கு நடந்தது மட்டும் இல்லை. அன்று எழுதக் கை வரவில்லை.

அண்ணன் மகனுக்கு எம்.ரெட்டியபட்டியில் பரிசம் போடும் நாள் அது. மூன்று வருடம் அலைந்து அமைந்த சம்பந்தம். "சித்தப்பாமாரு மூணு பேரும் தட்டோட வாங்கப்பா. வேட்டி சட்டையெல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். பொண்ணோட அப்பா என்ன குத்தம் கெடைக்கும்னு பாத்துக்கிட்டே இருக்காரு" என்று அண்ணன் சொல்லிவிட்டு வேனில் முன்னால் போய்விட்டார்.

அந்தப் பளிச்சுக்காகத்தான், பஞ்சு பிதுங்கிய சீட்டுகளுக்கு நானே கவர் தைத்திருந்தேன். அருப்புக்கோட்டைத் தறித்துணி, செங்கல் சிவப்பு. சீட்டுகளை மூன்று முறை அளந்து, படம் வரைந்து, பதினொரு நாள் தையல் மிஷினை மிதித்தேன். கால் இஞ்ச் பிசகவில்லை. (என் முதுகுதான் பிசகியது.)

வெட்டுவதற்கு முன்பே என் மனைவி செல்வி சொன்னாள்: "ஏங்க, உப்புத் தண்ணியில ஒரு தடவ ஊறப்போட்டு எடுத்துருங்க. சாயம் போகும்."

"ஊறப்போட்டா சுருங்கும். அளவு போயிரும். குழாய்த் தண்ணி வந்து எட்டு நாளாச்சு. மழையும் கெடையாது. காருக்குள்ள துணி எப்படி நனையும்?" என்றேன்.

மழையைக் கணக்கில் எடுத்தவன் வியர்வையை மறந்துவிட்டேன்.

ரெட்டியபட்டி எல்லையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கினோம். கடைசித் தம்பி பாண்டி எனக்கு முன்னால் நடந்தான். அவன் வேட்டியின் பின்பக்கம் செங்கல் சிவப்பாக இருந்தது, நான் போட்ட தையல் வரிசை உட்பட.

"அண்ணே, ஒங்களுக்கும்தான்" என்றான் முருகேசன், அடுத்த தம்பி. "எனக்கு எப்பிடி இருக்கு?"

"அளவு சரியா இருக்கு" என்றேன்.

செல்வியின் அரக்குப் பட்டில் எதுவும் தெரியவில்லை. அவள் திட்டவில்லை. பாண்டியைத் திரும்பி நிற்கச் சொல்லி, கறையைப் புடவைக் கடையில் கலர் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எல்லாரும் ஏறுங்க. அங்க போயி நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது."

பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. அவள் மட்டும் உள்ளே போனாள். நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். "என்ன, இறங்க மாட்டேங்காக?" என்று பெண்ணின் அப்பா முகம் சுளித்தார். அண்ணன் எங்களைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

செல்வி குடத்தோடு வந்தாள். பின்னால் பெண் வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். "கொழுந்தன்மாரே, இறங்குங்க!" என்றாள் செல்வி. இறங்கிய இருவர் மேலும் மஞ்சத்தண்ணி. மிச்சம் என் தலையில். மஞ்சளில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அந்தச் செங்கல் சிவப்பை அப்படியே கொண்டுவந்திருந்தாள். இஞ்ச் டேப் இல்லை, படம் இல்லை. கறை எது, தண்ணி எது என்று எனக்கே தெரியவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியே மஞ்சத்தண்ணியாம்மா?" என்றார் பெண்ணின் அப்பா.

"எங்க வீட்டுல பரிசத்தன்னைக்கே ஊத்திருவோம்ணே." (அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிடம்தான் பிறந்தது.)

அதற்குள் அவருடைய மதினி ஒருத்தி அவர் தலையிலும் ஒரு செம்பு கவிழ்த்துவிட்டாள். சொட்டச் சொட்ட நின்றவர், சிரித்துவிட்டார். பரிசம் நடந்தது. நனைந்த வேட்டியோடு தட்டு எடுத்துக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் இரண்டு பரிசம். இரண்டிலும் மதினிமார் குடத்தோடு நின்றார்கள். அன்று பரிசம் போட்டு வந்த மருமகள், செல்வியிடம் கதை முழுக்கக் கேட்டவள், இன்றும் நான் நாற்காலியில் உட்காரும் முன் துண்டை விரித்து, "உக்காருங்க சின்ன மாமா, இது நனைச்ச துணிதான்" என்கிறாள்.

அந்தப் பரிசத்துக்கு மறுநாள் காலை ஐந்து பத்துக்கு எழுந்ததும், முதல் வேலையாகக் கவர்களைக் கழற்றி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காய்ந்த பிறகு அளந்தேன். ஒன்றேகால் இஞ்ச் சுருங்கியிருந்தது. நான் சொன்னதும் சரிதான். செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை.