பொத்தான் பாஸ்தா

தையல்காரர் பெரிய கத்தரிக்கோலைச் சோப்புப் போட்டுக் கழுவுவதைப் பார்த்ததும் அவர் மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏங்க, அதை எதுக்குக் கழுவறீங்க?"

"பாஸ்தா வெட்ட."

மகள் விரும்பிய பையனின் அப்பாவும் அம்மாவும் அன்று மதியம் முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். பையனை எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. பெற்றவர்களை இன்னும் யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்குப் பாஸ்தா என்றால் உயிராம். ஆனால் மைதா கூடாதாம். தவிடு நீக்காத முழுக் கோதுமையில், வீட்டிலேயே கையால் செய்ததாக இருந்தால் சொர்க்கமாம்.

"நான் செய்யறேன்" என்று தையல்காரர் வாயை விட்டுவிட்டார். "துணியை விரிச்சு வெட்டற கை இது. மாவு என்ன, துணியைவிட உசத்தியா?"

உசத்திதான் என்று காலையிலேயே தெரிந்துபோனது. கோதுமை மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டைகளை உடைத்து ஊற்றிப் பிசைந்தார். கருங்கல் மாதிரி இறுகியது. தண்ணீர் தெளித்தார். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டன. மாவைத் தூவினார். மறுபடியும் கல். மறுபடியும் தண்ணீர். உருண்டை தலையணை அளவுக்கு வளர்ந்தது.

"தெருவையே சாப்பிடக் கூப்பிட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. புதுத் துணியும் முதல்ல இப்படித்தான் முறைக்கும்."

வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. பாதி மாவை அங்கே வெட்டு மேஜையில் வைத்துத் தேய்த்தார். தவிடு இருந்த இடமெல்லாம் கிழிந்தது. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டார். ஒட்டுக்குப் பக்கத்தில் கிழிந்தது. விடாமல் ஸ்கேல் வைத்து, நூல் பிசகாமல் நாடா நாடாவாக வெட்டினார். காயப் போட இடமில்லாமல் ஹேங்கர்களில் தொங்கவிட்டார். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டார்.

நாடாக்கள் ஆடின. ஆடிய வேகத்தில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. சில பறந்துபோய், தைத்து மாட்டியிருந்த வக்கீலின் கறுப்புக் கோட்டில் ஒட்டிக்கொண்டன. மிச்சம் இருந்தவை சுள்ளியாகக் காய்ந்து, தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தன.

சத்தம் கேட்டு மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, வக்கீல் கோட்டுல என்ன அது?"

"லேஸ்."

மகள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "அவங்க முன்னாடி என் மானம் போகப் போகுது."

"அழாதே, கிளம்பு" என்றாள் மனைவி. "கடைவீதி ஓட்டல்ல கோதுமைப் பாஸ்தா கிடைக்குதான்னு பார்ப்போம். அவங்க வர இன்னும் நேரம் இருக்கு." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "நீங்க எதையும் தொடாதீங்க. அதுவே பெரிய உபகாரம்."

தையல்காரர் எதையும் தொடவில்லை. கோட்டை மட்டும் துடைத்தார். பிசின் மாதிரி பிடித்திருந்ததால் துடைக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் கோட்டை மாட்டிவிட்டுத் திரும்பினால், ஈரத்துணி மூடி வைத்திருந்த மிச்ச உருண்டை கண்ணில் பட்டது. ஆத்திரத்தில் அதை ஒரு குத்து விட்டார்.

மெத்தென்று அமுங்கியது.

மாவுக்கு வேண்டியிருந்தது தண்ணீருமில்லை, கூடுதல் மாவுமில்லை. கொஞ்ச நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்திருந்தால் போதும். கோபமாக இருக்கும் மனைவியிடம் அவர் கடைப்பிடிக்கும் அதே வைத்தியம்தான்.

நாடா ஆசையை விட்டார். மாவைக் கயிறாக உருட்டி, துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினார். நடுவே குழி விழுந்து அழகான பொத்தான் வந்தது. ஆயுசு முழுக்கப் பொத்தான் பிடித்த விரல்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? மேஜை நிறைந்தது. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் கொட்டினார். மூழ்கிய பொத்தான்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. தக்காளியும் பூண்டும் வதக்கி அதில் புரட்டி, ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். 'நானா செஞ்சேன்?'

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நடுத்தர வயதுத் தம்பதி. அந்த மனிதரின் சட்டைக் காலரைப் பார்த்ததுமே தெரிந்தது, நல்ல இடம்தான்.

"வணக்கம். நாங்க..."

"தெரியும், தெரியும்! வாங்க, உங்களுக்காகத்தான் காலையிலேருந்து அல்லாடிட்டிருக்கேன்."

"இல்லீங்க, முதல்ல வந்த விஷயத்தை..."

"விஷயம் எங்க ஓடிடப் போகுது? ஆறினா ருசி போயிடும். உக்காருங்க."

ஓட்டல் பொட்டலம் வீட்டுக்குள் நுழைவதற்குள் பரிமாறிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. தட்டுகள் பறந்து வந்தன. அந்த அம்மா தயங்கித் தயங்கி ஒரு பொத்தானைக் கடித்தார். பிறகு தயங்கவில்லை.

"கோதுமையா இது?"

"முழுக் கோதுமை. தவிடு ஒரு பொடி வெளியே போகலை."

"இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

தையல்காரர் உச்சி குளிர்ந்துபோனார். அந்த மனிதர் மென்றுகொண்டே சுற்றிலும் பார்த்தார். "வீடு நல்ல வெளிச்சம். தண்ணி வசதி எப்படி?"

சம்பந்தி நோட்டம் விடுகிறார் என்று தையல்காரருக்குப் புரிந்தது. "ஒரு குறையும் கிடையாது."

"அக்கம் பக்கமெல்லாம்?"

"தங்கமானவங்க. சத்தமே வராது. எங்க பொண்ணையே எடுத்துக்குங்களேன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா."

"அப்படியா... சந்தோஷம்" என்றார் அவர், கொஞ்சம் விழித்தபடி.

பாத்திரம் வழித்துத் துடைத்தாற்போல் காலியானது. தையல்காரருக்கு மனசும் வயிறும் ஒருசேர நிறைந்தன. மகளும் மனைவியும் வரும்போது எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப உங்களுக்குப் பூரண சம்மதம்தானே?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"நூத்துக்கு நூறு சம்மதம்" என்றார் அந்த அம்மா, வாயைத் துடைத்துக்கொண்டே. "எதிர்ல இப்படி ஒரு மனுஷர் இருக்கும்போது வேற எங்க குடிபோவோம்? எதிர்வீட்டுச் சாவி உங்ககிட்டதான் இருக்குன்னாங்க. கொடுத்தீங்கன்னா பேருக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்துடறோம்."