அரைக் கிலோ வெட்டும் சின்னத் தலைவரும்

தராசைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மீன் கடையோ நகைக் கடையோ, பேதமே இல்லை. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில், வேலை விட்டு வந்ததும் முகம் கழுவுமுன், எடையில் வெட்டிய தராசுக்காரரைத்தான் திட்டுவார். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நான். (குடும்பச் சொத்தாக வேறெதுவும் கிடைக்கவில்லை.)

சித்திரை விடுமுறையில், இறம்பொடைப் பக்கம் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயம் ஒன்றில் அமைத்த தோட்ட வரலாற்று அருங்காட்சியகத்தில் குடும்பங்களுக்கான சீசன் நிகழ்ச்சி நடந்தது. அனுமதி இலவசம், தேநீரும் இலவசம். மகள் கவி பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு வந்து என்னைத் தூங்கவிடவில்லை.

"போட்டியில ஜெயிச்சா சங்கத்துச் சின்னத் தலைவராம்ப்பா. செவப்புத் தொப்பி போட்டு, தோட்டத் தொரகிட்டப் பேச விடுவாங்களாம்!"

அதற்காகக் கண்ணாடி முன் நின்று பேசியும் பழகினாள். என் கவலை வேறு. சும்மா எவன் கூப்பிடுவான்?

"எலெக்‌ஷன் ஏதும் வருதா?" என்று மனைவி செல்வியிடம் கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு வாங்க. புள்ள ஆசப்படுது."

வாசலில் ஒரு பெண், பிள்ளைகளை உட்காரவைத்துப் போட்டி விதிகளைச் சொன்னாள். அந்நேரம் நான் கட்டடத்தைச் சுற்றிக் கட்சிக் கொடி தேடிக்கொண்டிருந்தேன். கொடி இல்லாதது சந்தேகத்தைக் கூட்டியது. கொடுத்த தேநீரையும் முதலில் செல்வியைக் குடிக்கவிட்டுப் பார்த்தேன். (அவள் இன்றும் நலம்.)

பிறகு எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெரட்டுக் கூட்டி, குடும்பத்துக்கு ஒரு கூடை கொடுத்து, பின்னால் இருந்த தேயிலையில் கொழுந்து பறிக்க விட்டார்கள். கோட்டும் ஒட்டு மீசையுமாகக் கணக்கப்பிள்ளை வேடம் போட்டவர் எங்கள் கூடையைத் தராசில் மாட்டினார்.

"ஒன்றரைக் கிலோ. கூடைக்கும் எலையில உள்ள தண்ணிக்கும் அரைக் கிலோ வெட்டு. ஒரு கிலோ!"

நான் முன்னால் பாய்ந்தேன். கவி என் சட்டையை இழுத்து, "அப்பா, சும்மா இருங்க, நான்..." என்று கையைத் தூக்கினாள். பிள்ளை பயந்துவிட்டது என்று நினைத்தேன்.

"வெயிலு மண்டையப் பொளக்குது, எங்கய்யா தண்ணி? ஏன்யா வெட்டுனீங்க? எங்கம்மாகிட்ட வெட்டுனது பத்தாதா, எம் புள்ளகிட்டயுமா?"

கத்தியதோடு விடவில்லை. "வேல நிறுத்தம்!" என்று தராசுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் சில அப்பாக்களும் வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள்.

கணக்கப்பிள்ளை கோபப்படவில்லை. மீசை கழன்று தொங்க, சிரித்தபடி மணியை அடித்தார். வாசலில் நின்ற பெண் ஒலிவாங்கியைப் பிடித்தாள். "ஏன் வெட்டுனீங்கன்னு மொதல்ல கேக்குறவங்கதான் சின்னத் தலைவர்! இந்த அப்பா ஜெயிச்சிட்டாரு!"

வெட்டியதே போட்டிக்காகத்தான். அநியாயத்தைக் கண்டுபிடித்துக் கேட்கும் பிள்ளைக்குத் தொப்பி. பெரியவர்கள் கேட்கக் கூடாது என்று விதி போட அவர்களுக்குத் தோன்றவில்லை. இப்படி ஒருவன் வருவான் என்று யார் எதிர்பார்ப்பது?

சிவப்புத் தொப்பியை என் தலையில் வைத்தார்கள். அது போத்தல் மூடி மாதிரி உச்சியில் நின்றது. கவியின் கண் கலங்கியதைப் பார்த்ததும் வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"புள்ளைக்கே குடுத்துருங்க" என்றேன்.

"வேணாம். கேட்டது நீங்கதானே" என்றாள் கவி.

மேடையில் துரை வேடத்தில் இருந்தவர், "தலைவரே, கோரிக்கை என்ன?" என்றார்.

"எம் மகளப் பேச விடுங்க."

கவி மேடையேறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி முன் பழகிய அதே குரலில், "தொர அவர்களே! எங்க கோரிக்கை ஒன்னுதான். அடுத்த வருசம் எங்கப்பாவ உள்ள விடாதீங்க!" என்றாள்.

கோரிக்கை அங்கேயே ஏற்கப்பட்டது. திரும்பும் பஸ்ஸில் நானுஓயா தாண்டும்வரை அவள் செல்வி பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள்.

இன்றும் மீன் கடையில் தராசு முள்ளை நான் குனிந்து பார்த்தால், பின்னாலிருந்து, "தலைவரே, போதும் வாங்க" என்று கவியின் குரல் வரும். சித்திரை வந்தால் செல்வியும் மகளும் அருங்காட்சியகத்துக்குள் போவார்கள். நான் வாசலுக்கு எதிரே உள்ள கடையில் காசு கொடுத்துத் தேநீர் குடிப்பேன். அந்தக் கடைக்காரரும் கோப்பையில் கொஞ்சம் வெட்டித்தான் ஊற்றுகிறார்.